நன்றாகப் பேசினால் எல்லாம் புரிந்துவிட்டது என்று பொருளா?

“சும்மா காது குத்தாதே!”

நண்பர் ஒருவர் உங்களிடம் இப்படிச் சொன்னால், நீங்கள் காதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ‘நீ பொய் சொல்கிறாய், எனக்குத் தெரியும்’ என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. ஆனால், அந்த ஒரு நொடிக்குள் உங்கள் மூளை நிறைய வேலை செய்கிறது. சொற்களின் பொருள், சொன்னவரின் முகம், குரல், அதற்கு முன் நீங்கள் பேசிக்கொண்டிருந்த செய்தி, அவர் மனத்தில் என்ன இருக்கக்கூடும் என்ற ஊகம் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துத்தான் அந்தப் பொருளைப் பிடிக்கிறது.

மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், பழமொழி என்று இவற்றைத் தமிழ்ப் பாடத்தில் மொழியணி என்ற பெயரில் படிக்கிறீர்கள். மலாய்ப் பாடத்திலும் இதே கதைதான். ‘மாக்கான் ஆஙின்’ என்றால் காற்றைத் தின்பது அல்ல, சுற்றுலா போவது. சொல்லில் இருப்பது ஒன்று, சொல்ல வந்தது வேறொன்று. மொழி ஆசிரியர் பேச வேண்டியதை அறிவியல் ஆசிரியர் ஏன் பேசுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுக்கும் கருத்துக்கும் இடையே உள்ள இந்தச் சிறு தாண்டல் எல்லாருக்கும் ஒரே அளவில் எளிதாக இருப்பதில்லை. சிலருக்கு அது கடினமாக இருப்பதன் காரணம் மரபணுவில் தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு நிலைதான் வில்லியம்ஸ் சின்ட்ரோம்.

ஏழாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு

1961-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மருத்துவர் ஜே. சி. பி. வில்லியம்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 4 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நால்வருக்கும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, இதயத்துக்குச் சற்று மேலே குறுகியிருந்தது. முகத்தோற்றத்திலும் ஒற்றுமை இருந்தது. கற்றலில் தாமதமும் இருந்தது. மறு ஆண்டு ஜெர்மனியில் அலோய்ஸ் பியூரன் என்ற மருத்துவரும் இதே போன்ற நோயாளிகளை விவரித்தார். அதனால் இதை வில்லியம்ஸ்-பியூரன் சின்ட்ரோம் என்றும் சொல்வார்கள்.

காரணம் தெரிய இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நம்மிடம் ஏழாம் குரோமோசோம் இரண்டு இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த இரண்டில் ஒன்றில் ஒரு சிறு துண்டு இல்லை. 1993-இல், அந்தத் துண்டில் எலாஸ்டின் என்ற புரதத்துக்கான மரபணு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தக் குழாய்ச் சுவரை ரப்பர் போல விரிந்து சுருங்கவைப்பது எலாஸ்டின்தான். தமனி குறுகுவதன் காரணம் இப்படித் தெளிவானது. விடுபட்ட துண்டின் நீளம் ஏறக்குறைய 1.5 மில்லியன் காரமூல இணைகள். அதில் 26 முதல் 28 மரபணுக்கள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் இருப்பதை நினைத்தால் இது மிகச் சிறிய பகுதி.

துண்டு எப்படி விடுபடுகிறது? விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது மையோசிஸ் எனும் ஒடுக்கற்பிரிவு நடக்கிறது. அப்போது ஒத்த குரோமோசோம்கள் அருகருகே வந்து துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஏழாம் குரோமோசோமின் இந்த இடத்தில், இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வரிசைகள் உள்ளன. அதனால் சில வேளைகளில் குரோமோசோம்கள் சரியாகப் பொருந்தாமல் தவறான இடத்தில் இணைந்து பிரிகின்றன. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போடுவது போல. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது புதிதாக நேர்வது, பெற்றோருக்கு இருந்ததில்லை. கர்ப்ப காலத்தில் அம்மா எதைச் சாப்பிட்டார், எங்கே போனார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் வீடுகளில் இன்னும் தாயைக் குறை சொல்லும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு, 7,500 பேரில் ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாகக் கணித்தது. 10,000 பேரில் ஒருவர் என்பது வேறு சில கணக்கு. ஜோகூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 4 மில்லியன். அதே விகிதத்தை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்: 400-இலிருந்து 530 வரை வரும். இது வெறும் தோராயக் கணக்குதான். ஆனாலும், எங்கோ வெளிநாட்டில் மட்டும் உள்ள விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வாயால் வரைந்த யானை

இந்த நிலையை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் உர்சுலா பெலூகி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சால்க் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியவர். அவருடைய ஆய்வில் ஒரு பதின்ம வயதுப் பெண்ணிடம் யானையை வரையச் சொன்னார்கள். படத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறிக் கிடந்தன, யானை என்று அடையாளம் காண்பதே கடினம். ஆனால், யானையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, அதன் நிறம், விசிறி போன்ற காது, வாழும் இடம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள பலரிடம் இந்த ஏற்றத்தாழ்வைக் காணலாம். நுண்ணறிவு ஈவு சராசரியாக 60-ஐ ஒட்டி இருக்கும். கட்டங்களை அடுக்குவது, படம் வரைவது, கணக்கு போன்றவை மிகவும் சிரமம். பேச்சோ அதைவிட எவ்வளவோ மேல். அறிமுகமில்லாதவரிடமும் அன்பாகப் பேசுவார்கள், கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள், இசையில் பலருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு.

இங்கேதான் ஆராய்ச்சியாளர்களே முதலில் ஒரு முடிவுக்கு வந்து, பிறகு அதை மாற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு நன்றாகப் பழகுகிறவர்களுக்குப் பிறர் மனத்தை ஊகிக்கும் திறனும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 1995-இல் லண்டனில் ஆனெட் கர்மிலோஃப்-ஸ்மித் குழு நடத்திய ஆய்வும் அப்படித்தான் காட்டியது.

அந்தத் திறனை எப்படி அளப்பது? 1983-இல் ஹெய்ன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்த சிறுவன் எங்கே தேடுவான்? ‘முதலில் வைத்த இடத்தில்’ என்பது சரியான விடை. ஏனென்றால், இடம் மாறியது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பெரும்பாலான குழந்தைகள் 4, 5 வயதில் இதைச் சரியாகச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

1995 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பலர் பெரிய பிள்ளைகள், இளைஞர்கள். பின்னர் ஹெலன் டேகர்-ஃபிளஸ்பர்கும் கேட் சல்லிவனும் இளம் குழந்தைகளை, அதே அளவு கற்றல் தாமதம் உள்ள பிற குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2000-இல் வந்த முடிவு வேறாக இருந்தது: வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யவில்லை. பிறரிடம் ஈர்க்கப்பட்டு அன்பாகப் பழகுவது ஒரு திறன், பிறர் என்ன நினைக்கிறார் என்று கணிப்பது வேறொரு திறன் என்பது இதனால் தெளிவானது. ஒன்று இருந்தால் மற்றொன்றும் தானாக இருக்கும் என்று எண்ணக்கூடாது.

பொய்யா, கேலியா?

இப்போது ஒரு சிறு கணக்கு. கவின் என்று ஒரு மாணவன் என வைத்துக்கொள்வோம். வீட்டுப்பாடம் செய்யவில்லை, நோட்டு வெறுமையாக இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்கிறார். “எல்லாம் முடிச்சிட்டேன்மா” என்கிறான். இது பொய். சற்று நேரம் கழித்து அக்கா வந்து அந்த வெற்று நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். கவின் சிரித்துக்கொண்டே, “எல்லாம் முடிச்சிட்டேன்க்கா, பக்கமே பத்தல!” என்கிறான். இது கேலி.

இரண்டுமே உண்மைக்கு மாறான பேச்சுதான். வேறுபாடு எங்கே? அம்மாவுக்கு உண்மை தெரியாது என்பது கவினுக்குத் தெரியும், அதனால் ஏமாற்ற முயல்கிறான். அக்காவுக்கு உண்மை தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும், அதனால் சிரிக்க வைக்க முயல்கிறான். ஆக, கேலியைப் புரிந்துகொள்ள ‘அவருக்குத் தெரியும் என்று இவனுக்குத் தெரியும்’ என்ற இரண்டு அடுக்கு ஊகம் தேவை.

சல்லிவன், எலன் வின்னர், டேகர்-ஃபிளஸ்பர்க் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள பதின்ம வயதினர், பிராடர்-வில்லி சின்ட்ரோம் என்ற வேறொரு மரபணு நிலை உள்ளவர்கள், வேறு வகைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் ஆகிய மூன்று குழுவினருக்கும் கதைகள் சொல்லி, கடைசியில் வரும் பேச்சு பொய்யா கேலியா என்று கேட்டார்கள். மூன்று குழுவினருக்கும் கேலியை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. பெரும்பாலும் பொய் என்றே சொன்னார்கள். ‘நடந்தது அப்படி இல்லையே, அதனால் பொய்’ என்பது வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ளவர்கள் காட்டிய காரணம். பேசியவரின் மனத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் இது கடினமாக இருக்கலாம் என்பது ஒன்று. இது வில்லியம்ஸ் சின்ட்ரோமுக்கு மட்டும் உரியதல்ல என்பது இன்னொன்று.

ஆகுபெயர் புரிகிறது, உருவகம் தடுக்கிறது

‘மொழியணி எதுவுமே இவர்களுக்குப் புரியாது’ என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. 2009-இல் இங்கிலாந்தில் டக்மாரா அனாஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு ஆகுபெயரும் உருவகமும் எந்த அளவு புரிகின்றன என்று பார்த்தது. நம் இலக்கணச் சொற்களிலேயே இதைச் சொல்ல முடிவது வசதி. ‘நேற்று ஜோகூர் வென்றது’ என்றால் வென்றது மாநிலம் அல்ல, அதன் காற்பந்துக் குழு. இது ஆகுபெயர், ஒன்றோடு தொடர்புடைய இன்னொன்றைக் குறிக்கிறது. ‘திடலில் அவன் ஒரு புயல்’ என்பது உருவகம். புயலுக்கும் ஆட்டக்காரருக்கும் இயல்பான தொடர்பு இல்லை. வேகம் என்ற ஒரு பண்பை மட்டும் பிரித்தெடுத்து ஒட்ட வேண்டும்.

ஆய்வில், அந்தக் குழந்தைகள் அறிந்திருந்த சொற்களின் அளவுக்கேற்ப ஆகுபெயர் புரிந்தது. உருவகமோ அந்த அளவுக்குக் கீழே இருந்தது. சொற்களைக் கற்பது போலவே சிலவற்றைக் கற்றுக்கொள்ள முடிகிறது, சிலவற்றுக்கு கூடுதல் உதவி வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள் என நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நொடியில் புதிதாகப் பிறக்கும் கேலியை எந்த அகராதியும் கற்றுத்தர முடியாது.

பழகும் விதத்திலும் இப்படி ஒரு கலவை உண்டு. 2005-இல் ஆண்ட்ரியாஸ் மேயர்-லிண்டன்பர்க் குழு மூளைப் படம் எடுத்துப் பார்த்தது. அச்சத்தை உணரும் பகுதியான அமிக்டலா, வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கோபமான, மிரட்டும் முகங்களைப் பார்க்கும்போது குறைவாகவே இயங்கியது. மிரட்டும் காட்சிகளைப் பார்க்கும்போதோ மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது. பொருள்களுக்கும் நிகழ்வுகளுக்கும் பயப்படுவார்கள், முன்பின் தெரியாத மனிதருக்குப் பயப்படமாட்டார்கள். இது ஆபத்தானது. யார் கூப்பிட்டாலும் உடன் போகக்கூடிய பிள்ளையைப் பெற்றவர் எப்படி நிம்மதியாக இருப்பார்?

அதே நிலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-இல் அதே மேயர்-லிண்டன்பர்க், ஆண்ட்ரேயா சான்டோஸ், கிறிஸ்டின் டெருவெல் மூவரும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். வெள்ளைத் தோல் உள்ளவர், கறுத்த தோல் உள்ளவர் படங்களைக் காட்டி, இவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். வழக்கமான வளர்ச்சி உள்ள 20 குழந்தைகள் தோலின் நிறத்தைப் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள 20 குழந்தைகளிடம் அந்தச் சாய்வு தெரியவில்லை. ஆண், பெண் வேறுபாட்டில் மட்டும் இரு சாராரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். 20 பேரை வைத்து உலகத்தையே அளக்க முடியாது. இருந்தாலும், பல இனத்தவர் ஒரே வகுப்பில் அமரும் நம் நாட்டில் இது யோசிக்க வேண்டிய செய்தி.

நம் பள்ளியில் இது ஏன் முக்கியம்?

நம் நாட்டில் பல இடைநிலைப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்பு, அதாவது பிபிகேஐ, இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வி பெறும் உரிமையைப் பேசுகிறது. உடற்குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் நடைமுறைப்படுத்தியது. கதவு திறந்துவிட்டது, நல்லது. ஆனால், உள்ளே வந்த பிள்ளையோடு நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதைச் சட்டம் கவனிக்க முடியாது. அது ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலையில், வாட்சாப் குழுவில் நடக்கிறது.

நடக்க முடியாத மாணவரைப் பார்த்தால் நமக்கு உடனே தெரிகிறது, சாய்தளம் கட்டுகிறோம். நன்றாகப் பேசும் மாணவருக்குப் புரிதலில் சிக்கல் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘வாய் கிழியப் பேசுறான், வேலை சொன்னா மட்டும் புரியாதாம்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சோம்பல், திமிர், நடிப்பு என்று பெயர் சூட்டுகிறார்கள். சக மாணவர்களுக்கோ அது ஒரு விளையாட்டாகிவிடுகிறது. “ஆகா, என்ன அழகாப் பாடுறே, இன்னொரு தடவை பாடு!” என்று கிண்டலாகச் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் பாடுவார். சுற்றியுள்ளவர்கள் சிரிப்பார்கள், யாரோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்வார்கள்.

இதைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேலி என்பது இருவருக்கும் தெரிந்த உண்மையை வைத்து ஆடும் ஆட்டம். கவினின் கேலி கேலியாக இருப்பதற்குக் காரணமே அக்காவுக்கும் அது தெரியும் என்பதுதான். எதிரே உள்ளவருக்கு மட்டும் தெரியாமல் மற்ற எல்லாரும் சிரித்தால், அது நகைச்சுவை என்ற வரையறைக்குள் வராது. அது ஒருவரை ஏமாற்றுவது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது சாக்கு ஆகாது.

சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். “வெளி உலகத்தில் யாரும் இவர்களுக்காக எளிமையாகப் பேசப் போவதில்லை. இப்போதே பழகிக்கொள்ளட்டும்” என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. மரபுத்தொடர்களை இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும், மறைத்து வைக்கக்கூடாது. ஆனால், கேலிக்கு ஆளாக்கி யாருக்கும் மரபுத்தொடர் கற்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘நான் விளையாட்டுக்குச் சொன்னேன், இதற்குப் பொருள் இது’ என்று பொறுமையாக விளக்குவதே கற்பித்தல்.

இன்னும் சிலர், “பாவம், வெகுளி, தெய்வக் குழந்தை” என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனாலும் அதனால் அந்தப் பிள்ளைக்குப் பயன் ஒன்றும் இல்லை. தெரியாதவர் காரில் ஏறக்கூடாது, கைப்பேசி எண்ணைக் கொடுக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அதையும் சுற்றி வளைக்காமல், நேரடியான சொற்களில், பலமுறை சொல்ல வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவை எளிமையானவை. எதையாவது விளக்கிய பிறகு “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் “புரிந்தது” என்றே பதில் வரும், உங்களில் பலரும் வகுப்பில் எங்களுக்குச் சொல்லும் பதில் அதுதானே! “நான் சொன்னதை உன் சொற்களில் சொல்லு” என்று கேளுங்கள். கிண்டலாகப் பேசிவிட்டால், ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். யாராவது ஒருவரை வைத்துப் பிறர் சிரிப்பதைப் பார்த்தால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். இவை வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ளவருக்கு மட்டுமல்ல, டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும், தமிழை இரண்டாம் மொழியாகப் பேசும் நண்பருக்கும் உதவும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையின் பேச்சை மட்டும் வைத்து அவருடைய புரிதலுக்கு மதிப்பெண் போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் பேசுவோம், மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். இந்த நிலையை மரபணுப் பரிசோதனை மூலம் உறுதிசெய்ய முடியும். வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டியிருப்பதால், சீக்கிரம் தெரிவது உயிரையே காக்கலாம்.

கடைசியாக ஒரு பயிற்சி. இந்த வாரம் உங்கள் மொழியணிப் பட்டியலிலிருந்து 10 தொடர்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி போடுங்கள்: சொற்கள் சொல்வது என்ன, பேசுபவர் சொல்ல வந்தது என்ன. பிறகு, முதல் பத்தியிலிருந்து இரண்டாம் பத்திக்கு நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை, அந்தத் தொடரை இதுவரை கேட்டிராத ஒருவருக்கு எழுதி விளக்கிப் பாருங்கள். 3 தொடர்களைத் தாண்டும் முன்பே, உங்களுக்கு எளிதாகத் தோன்றிய வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.